கம்பத்தில் பழைய பெரிய வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் கிரானைப் பாருங்கள்

நானும் தம்பியும் மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு பழைய வீட்டை வாங்கினோம். கல் தூண் மேல் நிற்கும் மரவீடு, முன்னால் அகலமான திண்ணை, பின்னால் தனியாகச் சமையல்கட்டு, சுற்றிலும் ஒன்றேகால் ஏக்கர். ரம்புத்தான் மரங்களும் ஒரு கிணறும் சேர்த்தி. தைப்பூச விடுமுறையில் பார்த்தோம், அன்றைக்கே பிடித்துவிட்டது. சாவி கைக்கு வர 19 மாதம் ஆனது. அதில் வீட்டுக்காக ஓடியது கொஞ்சம்தான். மீதி எல்லாம் பட்டாவில் இருந்த பெயருக்காக ஓடியது.

பத்து காவானுக்குப் பாலம் வந்ததிலிருந்து பினாங்குத் தீவில் வேலை பார்க்கிறவர்களும் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார்கள். அடுக்குமாடி வாங்கும் அனுபவத்தை வைத்துக்கொண்டு கம்பத்து வீட்டுக்கு வராதீர்கள். இங்கே விஷயமே வேறு. நாங்கள் தப்பான வரிசையில் செய்ததை நீங்கள் சரியான வரிசையில் செய்யுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கிரானை எடுத்துப் படியுங்கள்

வீட்டைச் சுற்றிப் பார்க்கும் முன், விற்பவரிடம் நிலப்பட்டாவின் நகலைக் கேளுங்கள். நம் வாயில் வருவது கிரான். அதில் இருக்கும் எண்ணை வைத்து நில அலுவலகத்தில் ஒரு தேடல் போடலாம். உங்கள் லாயரே எடுத்துத் தருவார், செலவும் பெரிதாக இல்லை. விற்பவர் கையில் இருக்கும் நகல் எத்தனை வருடத்துக்கு முந்தியது என்று யாருக்கும் தெரியாது. இன்றைய தேதியில் எடுத்த தேடல்தான் பேசும்.

அந்தத் தாளில் முதலில் பெயர். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல நிறைய இருக்கிறது, அடுத்த படியில் வருகிறேன்.

அடுத்தது நில வகை. 'பங்குனான்' என்றால் கட்டட நிலம், 'பெர்தானியான்' என்றால் விவசாய நிலம். கம்பத்தில் இருக்கும் பெரிய வீடுகளில் பல விவசாய நிலத்தில்தான் நிற்கின்றன. நிலக்காரர் குடியிருக்க அதில் வீடு கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வங்கிக் கடன், பிற்காலத்தில் நீங்கள் செய்ய நினைக்கும் தொழில் எல்லாம் இந்த ஒரு சொல்லில் மாட்டும். ஹோம்ஸ்டே நடத்தலாம், கல்யாண மண்டபம் போடலாம் என்ற கனவு இருந்தால், நில வகையை மாற்ற மாநில அரசிடம் விண்ணப்பித்துப் பிரிமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டிவரும். அந்தத் தொகையையும் கணக்கில் எடுத்த பிறகு விலை பேசுங்கள்.

பிறகு 'செக்காத்தான்', அதாவது கட்டுப்பாடு, என்று எழுதியிருக்கும் இடம். நிலத்தை மாற்றிக் கொடுக்க மாநில அரசின் அனுமதி வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால் சில மாதங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். யாராவது கவியட் (நிலத்தைக் கைமாற்றத் தடைக் குறிப்பு) போட்டிருக்கிறார்களா, பழைய வங்கி அடமானம் நீங்காமல் இருக்கிறதா, அரசு நிலம் எடுக்கும் குறிப்பு ஏதும் உண்டா என்பதும் அதே தாளில் தெரியும்.

நிலவரி ரசீதையும் கேளுங்கள். சுக்காய் தானா ஒவ்வொரு வருடமும் மே 31க்குள் கட்ட வேண்டியது. பெயரில் இருப்பவர் இறந்துபோய், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால், 'அண்ணன் கட்டியிருப்பார்' என்று எல்லாரும் சும்மா இருந்துவிடுவார்கள். பாக்கி சேர்ந்தால் நில அலுவலகம் 6ஏ என்ற நோட்டீஸ் அனுப்பும். அதில் கொடுத்த மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலமே அரசுக்குப் போய்விடலாம். நோட்டீஸ் போகும் முகவரியோ யாரும் குடியில்லாத அந்தப் பழைய வீடு!

அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நிலத்தை ரெலோங் கணக்கில் சொல்வார்கள். ஒரு ரெலோங் ஏறக்குறைய 0.7 ஏக்கர். கிரானில் ஹெக்டரில் இருக்கும். எங்களுடையது 0.5059 ஹெக்டர். விற்பவர் முதலில் 'இரண்டு ரெலோங்' என்றார். இரண்டு ரெலோங் என்றால் 1.4 ஏக்கர், நிலமோ ஒன்றேகால்தான். வாய்க்கணக்கை நம்பி விலை பேசாதீர்கள்.

2. பெயரில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா?

சிரிக்காதீர்கள், இதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டின் கிரானில் இருந்தவர் 1987இல் இறந்தவர். அவருடைய மகன் வந்து வீட்டைக் காட்டினார், விலையும் பேசினார். நாங்களும் தலையாட்டினோம். நல்ல மனிதர், தேநீர் எல்லாம் கொடுத்தார். ஆனால் அவர் விற்க முடியாது! அப்பா பெயரில் இருக்கும் நிலத்தை, வாரிசு முறைப்படி பெயர் மாறாமல் எந்தப் பிள்ளையும் விற்க முடியாது. மூத்த மகனாக இருந்தாலும், இத்தனை வருடமாக வரி கட்டியவராக இருந்தாலும் அதே கதைதான்.

அப்போது வழி என்ன?

உயில் இருந்தால், அதில் நியமிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயிலை நிறைவேற்றும் அனுமதி, வாங்க வேண்டும். உயில் இல்லாமல், இறந்தவரின் மொத்தச் சொத்தும் ஒரு வரம்புக்குள் இருந்தால், நீதிமன்றம் போகத் தேவையில்லை. சிறு சொத்துப் பங்கீடு என்று ஒரு முறை உண்டு, மலாயில் புசாக்கா கெச்சில். 2024 ஜூலையிலிருந்து இதன் வரம்பு 5 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்). அதற்கு முன்பு 2 மில்லியன். அதனால் சாதாரணக் குடும்பங்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். 'ஏ' படிவத்தை நிரப்பி, இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஐசி (அடையாள அட்டை) நகல், கிரான் நகல் எல்லாம் வைத்துக் கொடுத்தால் விசாரணைக்குத் தேதி தருவார்கள். அன்றைக்கு வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும். வர முடியாதவர் முறைப்படி சம்மதப் படிவம் அனுப்ப வேண்டும். முடிவில் பங்கீட்டு உத்தரவு கிடைக்கும். அதை நில அலுவலகத்தில் பதிந்தால் கிரானில் பெயர் மாறும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு இது மட்டும் 11 மாதம் பிடித்தது. ஏன் தெரியுமா?

கிரானில் பெயர் இருந்த அந்தத் தாத்தா இறந்த பிறகு அவர் பிள்ளைகளிலும் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அப்படியானால் அவர்கள் பங்கு அவர்களுடைய வாரிசுகளுக்குப் போகும். ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியாகக் காகிதம் சேர்க்க வேண்டும். கடைசியில் ஏழு பேர் கையெழுத்து தேவைப்பட்டது. ஒருவர் கிள்ளானில், ஒருவர் மெல்பர்னில், மற்றவர்கள் சுற்றுவட்டாரத்தில். பழைய பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஐசியில் வேறு மாதிரி. சாமி என்பது ஒன்றில் சமி ஆகியிருந்தது. நம் ஆட்களின் பெயரைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிய விதம் அப்படி. இப்படி எழுத்து மாறியிருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும். இதை விசாரணை நாளில் கண்டுபிடித்தால் தேதி தள்ளிப்போகும். முன்கூட்டியே எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று நம் குடும்பங்களில் இன்னும் நினைக்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வரும். அதில் மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. எங்களுக்கு விற்றவர் தன் அக்காளைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, 'அவங்களுக்கு என்ன இருக்கு' என்று. சேர்த்த பிறகு அந்த அம்மா கையெழுத்துப் போட மறுத்தார். காரணம் நிலமும் இல்லை, பணமும் இல்லை. 2003இல் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லையாம்! அவருடைய தம்பி, அதாவது எங்களுக்கு விற்றவர், பழம், வெற்றிலையோடு போய் நேரில் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் காரியம் நடந்தது. வாங்குகிற நாம் இதில் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் இப்படி ஏதாவது இருக்கும் என்று மாதக்கணக்கில் இடம் விட்டு வையுங்கள்.

உயில் இல்லாமல் நீதிமன்றம் வழியாக ஒருவரை நிர்வாகியாக நியமித்திருந்தால், அவர் நிலத்தை விற்கத் தனியாக நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். நியமன உத்தரவை மட்டும் காட்டி 'எல்லாம் சரி' என்றால் சரி இல்லை. பவர், அதாவது 'என் சார்பில் விற்கலாம்' என்ற அதிகாரப் பத்திரம், காட்டினால் இன்னும் கவனம். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் அதோடு முடிந்துவிடும்.

3. எல்லைக் கல்லும் வழியும்

வேலி எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள நில அளவையாளரை வைத்து எல்லைக் கல்லைத் தேடுங்கள். எங்களுக்கு 3,500 வெள்ளி ஆனது. தம்பி வீண் செலவு என்றான். அளந்து பார்த்தால் பின்கட்டுச் சமையலறையின் ஒரு மூலை பக்கத்து நிலத்தில் நாலடி நுழைந்திருந்தது. அந்தக் காலத்தில் பக்கத்து வீடும் அண்ணன் தம்பி வீடுதானே, யாரும் கவலைப்படவில்லை. இப்போது அந்தப் பக்கம் வேறு ஆள். அதைச் சொல்லியே விலையில் குறைத்துக்கொண்டோம்.

வழி இதைவிட முக்கியம். ரோட்டிலிருந்து வீடு வரை கார் போகிறது என்பது வழி உண்டு என்பதற்குச் சாட்சி இல்லை. அந்த மண்பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அடுத்தவர் நிலம் வழியாகப் போனால், அந்த உரிமை கிரானில் பதிவாகி இருக்க வேண்டும். 'நாப்பது வருஷமா போய்வரோம்' என்ற பேச்சை, அந்த நிலத்தை வாங்குகிற அடுத்த ஆள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

4. வீட்டைத் தட்டிப் பாருங்கள்

மழை நாளில் போங்கள். ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போங்கள். தூணின் அடிப்பகுதி, கதவு நிலை, தரைப் பலகையின் ஓரம் எல்லாம் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற மரம் வெளியே பார்க்க அழகாக இருக்கும், தட்டினால் டொப்பு டொப்பு என்று சத்தம் கேட்கும். கூரை அஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் நீங்களே உடைத்து இறக்காதீர்கள், தூசி நுரையீரலுக்குக் கேடு. மின்கம்பிகளைப் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் பார்த்துச் சொல்லட்டும். பழைய கம்பி என்றால் முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

சுவரில் தண்ணீர்க் கோடு இருக்கிறதா பாருங்கள். புதிதாக அடித்த சுண்ணாம்பு அதை மறைக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி மறைக்க மாட்டார். கிரியான் ஆற்றுப் பக்கமென்றால் அவசியம் கேளுங்கள்.

5. கூடவே வரும் ஆட்களும் சாமியும்

பின்பக்கக் குடிசையில் பழைய வேலைக்காரர் குடும்பம் ஏதும் இருக்கிறதா? வாடகை கொடுக்கிறார்களா? ஒப்பந்தத்தில் 'காலி வீடாக ஒப்படைக்க வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள், அவர்களை அனுப்புவது விற்பவர் பொறுப்பாகட்டும். நீங்கள் வாங்கிய பிறகு அனுப்புவது பெரும் பாவம், பெரும் செலவும்கூட.

எங்கள் நிலத்தின் மூலையில் ஒரு முனீஸ்வரர் இருந்தார். வேப்ப மரம், ஒரு சூலம், கல் மேடை. விற்பவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவி வாங்கிய மறுவாரமே ஆறு குடும்பங்கள் சேவலோடு வந்து நின்றார்கள், 'வருஷா வருஷம் படையல்' என்று. நாங்கள் வேலிக்கு வெளியே தனி வழி விட்டுக் கொடுத்தோம், சந்தோஷமாகவே. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் கிணற்று மோட்டாரை அங்கே போடத் திட்டம் போட்டிருக்க மாட்டோம். நிலத்தைச் சுற்றி நடக்கும்போது சாமி, சமாதி இரண்டையும் கேளுங்கள்.

6. வங்கி

விலை பேசி முடித்த பிறகு வங்கிக்குப் போனோம். அது தப்பு. முதலில் போங்கள். விவசாய நிலம், மரவீடு, போதாததற்குக் கட்டட முடிவுச் சான்றிதழும் இல்லை. இரண்டு வங்கிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. மூன்றாவது ஒத்துக்கொண்டது, ஆனால் தன் மதிப்பீட்டில் 60 விழுக்காடு மட்டும். நாங்கள் பேசிய விலை 460,000 வெள்ளி. வங்கி மதிப்பு 430,000. கடன் 258,000. ஆக 202,000 வெள்ளி எங்கள் கையிலிருந்து. தம்பியின் கல்யாணச் சேமிப்பு அதில் போனது, அவன் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

7. முன்பணமும் ஒப்பந்தமும்

பார்த்த அன்றே, பிடித்துப்போன மயக்கத்தில், விற்பவர் கையில் 5,000 வெள்ளி கொடுத்தோம். ரசீது இல்லை. தெரிந்த குடும்பம்தானே! பிறகு வாரிசுகள் ஏழு பேர் என்று ஆனபோது, அந்தப் பணம் விலையில் சேராது என்று மற்ற ஆறு பேரும் சொல்லிவிட்டார்கள். அது போனது போனதுதான்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஏஜெண்ட் வழியாக என்றால் பதிவு அட்டையைப் பாருங்கள், பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும். கமிஷன் விற்பவர் பாடு. நேரடியாக வாங்கினால் முன்பணம் உங்கள் லாயரிடமோ விற்பவரின் லாயரிடமோ இருக்கட்டும், அதுவும் பெயர் மாற்றம் முடியும் வரை கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. லாயர் செலவை மிச்சம் பிடிக்க விற்பவரின் லாயரையே வைத்துக்கொள்ளாதீர்கள்.

வழக்கமாக ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது விலையில் 10 விழுக்காடு கொடுத்திருக்க வேண்டும். மீதிக்கு மூன்று மாதம், அதற்கு மேல் ஒரு மாதம் வட்டியோடு அவகாசம். வட்டி பொதுவாக வருடத்துக்கு 8 விழுக்காடு. வங்கிப் பணம் 12 நாள் தாமதமானதில் எங்களுக்கு 680 வெள்ளி போனது. மூன்று மாதக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைப் படித்துப் பாருங்கள். கிரானில் விற்பவர்கள் பெயர் ஏறிய நாளிலிருந்து என்று எழுதினால் உங்களுக்கு நல்லது. கையெழுத்தானதும் லாயர் உங்கள் பேரில் கவியட் போடட்டும். பெயர் மாற்றும் 14ஏ படிவத்தில் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். மெல்பர்னில் இருப்பவருக்கு அதை அனுப்பி, முறைப்படி சாட்சியோடு கையெழுத்து வாங்கி வரவழைக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது.

சொத்து லாபவரி விற்பவருடையதுதான், ஆனால் வாங்குபவருக்கும் வேலை உண்டு. ஒப்பந்தத்திலிருந்து 60 நாளுக்குள் நீங்களும் படிவம் கொடுக்க வேண்டும். விற்பவருக்கு வரி வருமானால், குடிமக்கள் என்றால் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரி வாரியத்தில் கட்ட வேண்டும். பிடிக்கத் தவறினால் அபராதம் உங்களுக்கு. லாயரிடம் இதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

8. விலைக்கு மேல் எவ்வளவு?

பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி குடிமக்களுக்கு முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, அதற்கு மேல் ஒரு மில்லியன் வரை 3, ஒரு மில்லியனுக்கு மேல் 4. எங்கள் விலைக்கு 8,200 வெள்ளி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். வந்தது 9,600. ஏனென்றால் நீங்கள் கொடுத்த விலை, அரசு மதிப்பீடு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. அரசு மதிப்பீட்டில் எங்கள் வீடு 520,000! கடன் கேட்கும்போது 430, வரி கட்டும்போது 520. ஒரே வீடுதான்.

லாயர் கட்டணம் முதல் 500,000 வரை 1.25 விழுக்காடு. எங்களுக்கு 5,750, அதற்கு 8 விழுக்காடு சேவை வரி சேர்த்து 6,210. கடன் பத்திரத்துக்குத் தனி லாயர் கட்டணம் சேவை வரியோடு 3,483, அதற்கு முத்திரை வரி 0.5 விழுக்காடு, அதாவது 1,290. இவற்றோடு அளவையாளர், மதிப்பீட்டாளர், தேடல், பதிவு என்று சேர்ந்து மொத்தம் 28,000ஐத் தொட்டது. கூரைக்கும் கம்பிக்கும் ஆன செலவு இதில் சேராது, அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும்.

9. சாவி வாங்கிய நாள்

அன்றே மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். இரண்டு கணக்கையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய பாக்கி இருந்தால் அதை விற்பவர் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாநகர் மன்றத்தின் வீட்டுவரி, சுக்காய் பிந்து, வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளும். பில் உங்கள் முகவரிக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். கம்பத்து வீட்டு அஞ்சல் பெட்டியில் போட்டால் குளவி கூடுகட்டிய பிறகுதான் பார்ப்பீர்கள்.

பெரிதாக இடித்துக் கட்டுவதானால் மன்றத்தில் திட்ட அனுமதி வேண்டும். கழிவுத் தொட்டியைக் குடிபோகும் முன் காலி செய்யுங்கள். எங்கள் தொட்டியின் மூடி எங்கே என்று ஏழு வாரிசுகளுக்கும் தெரியவில்லை. ரம்புத்தான் மரத்தடியில், இரண்டடி மண்ணுக்குக் கீழே இருந்தது. கையெழுத்துப் போட மறுத்த அந்த அம்மாதான் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தார்.